தென்புலத்தார் கடனும் சித்தாந்த நோக்கும்

இல்லறத்தான் ஆற்றுதற்குரிய கடன்களைத் தொகுத்துக் கூறவந்த திருவள்ளுவனார், இல்வாழ்க்கை என்னும் அதிகாரத்தின் மூன்றாம் குறளில் ஐவரை முறைப்பட நிறுத்தினார். அவ்வைவருள் முதற்கண் நின்றவர் தென்புலத்தார். தெய்வமும் விருந்தும் சுற்றமும் தானும் அவர்க்குப் பின்னரே எண்ணப்பட்டனர். தெய்வத்திற்கும் முன்னாக வைக்கப்பெற்ற இத்தென்புலத்தார் யாவர்? அவர்க்கு இல்வாழ்வான் செய்யுங் கடன் யாது? அக்கடனாற் பயன்பெறுவார் யாவர்? இம்மூன்று வினாக்களும் ஒன்றையொன்று பற்றிக் கிடப்பன. முதல் வினாவிற்கு விடை பிழைபடின் ஏனை இரண்டும் பிழைபடும். இக்காலத்துக் குறளுரைகள் பலவும் முதல் வினாவைக் கடுகக் கடந்து செல்லுதலின், நீத்தார் வழிபாட்டின் உட்பொருள் சைவ நன்மக்கட்கும் மயக்கந் தருவதாயிற்று. ஆகலின் அச்சொற்குப் பொருள்கண்ட உரைகளை ஆராய்ந்து, அவை சித்தாந்தத்தோடு இயையுமாற்றைக் காண்டல் வேண்டற்பாலதாம்.

இச்சொற்கு மூவகைப் பொருள் கூறப்பட்டுள்ளது. பரிமேலழகர், தென்புலத்தார் என்பார் பிதிரர் என்றும், அவர் உலகம் படைக்கப்பட்ட காலத்தே நான்முகனாற் படைக்கப்பட்ட ஒரு கடவுட் சாதியார் என்றும், தென்றிசை அவர்க்கு இடமாதல்பற்றி அப்பெயர் பெற்றார் என்றும் விளக்கினார். இது முதல் வகை. இறந்துபோன தந்தை, பாட்டன் முதலிய முன்னோரே தென்புலத்தார் என்பது இரண்டாவது வகை. பிற்காலத்துப் பொழிப்புரைகளிற் பெரும்பாலன இதனையே கொண்டன. தென்புலம் என்றது கடல்கொண்ட தென்னாட்டை என்றும், ஆண்டு வாழ்ந்து மாய்ந்த பழந்தமிழ் மக்களை நினைந்து போற்றுதலே ஈண்டுக் கூறப்பட்டது என்றும் உரைப்பது மூன்றாவது வகை.

இவற்றுள் மூன்றாவதை முதற்கண் ஆராய்வாம். புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டில், பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடுமிடத்து, அறவழியிற் போர் தொடங்கும் வேந்தன் பகைநாட்டிற் காவல் தேடிக்கொள்ளுமாறு எச்சரிக்கும் மக்கள் எண்ணப்படுகின்றனர். ஆவும் அந்தணரும் பெண்டிரும் பிணியுடையாரும் எண்ணப்பட்ட பின், தென்றிசையில் வாழ்வார்க்கு உரிய அரிய கடனைச் செலுத்தும் மைந்தரைப் பெறாதவரும் எண்ணப்பட்டனர். மைந்தர் இருந்து கடன் செலுத்துதல் வேண்டும் என்பதனால், தென்புல வாழ்நர் என்பது சடங்கினை ஏற்பாரைக் குறித்த சமயச் சொல் என்பது தெளிவாம். ஒரு நாட்டின் பழைய குடிகளை நினைத்தற்கு ஒவ்வோர் இல்லத்தும் மைந்தன் பிறத்தல் வேண்டியதில்லை. கூற்றுவன் திசை தெற்கு என்னும் வழக்கும் வைதிக நூல்களிலும் தமிழ்நூல்களிலும் ஒப்பக் காணப்படுவது. ஆகவே கடல்கோளின் நினைவை இச்சொல்லின்மேல் ஏற்றுதல், தமிழின்மேல் வைத்த அன்பினால் எழுந்ததாயினும், சொல்வழக்கிற்கு ஒவ்வாது.

இனி, இறந்த முன்னோரே தென்புலத்தார் என்னும் இரண்டாம் உரை எளிதாகவும் உலகவழக்கிற்கு இயைந்ததாகவுந் தோன்றும். ஆயினும் அக்குறளுக்கு முந்திய குறளையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். அதன்கண், துறவிகளுக்கும் வறியவர்க்கும் இறந்தவர்க்கும் இல்வாழ்வானே துணை என்று நாயனார் கூறினார். ஆண்டு இறந்தார் என்றதற்குப் பரிமேலழகர், தமக்கென ஒருவரும் இல்லாது ஒருவன்பால் வந்து இறந்தவர் எனப் பொருள்கொண்டு, அவர்க்கு நீர்க்கடன் முதலியன செய்து நல்லுலகிற் செலுத்துதலால் இல்வாழ்வான் துணையாவான் என விளக்கினார். இறந்தாரை ஒரு குறளிற் கூறிய ஆசிரியர் அடுத்த குறளிலும் இறந்தாரையே கூறின், கூறியது கூறல் என்னுங் குற்றத்திற்கு இடனாம். முன்னது பிறர் வீட்டு நீத்தாரையும் பின்னது தன் குடியின் நீத்தாரையும் குறித்தன எனக் கொள்ளின் அக்குற்றம் நீங்குமே எனின், நீங்கும். ஆயின் அதனினும் பெரியதோர் இடர்ப்பாடு அவ்வுரைக்கு உண்டு. அது வருமாறு.

உயிர் உடலைவிட்டு நீங்கியபின் சூக்கும உடலோடு சென்று, தன் இருவினைக்கு ஏற்பத் துறக்கமோ நிரயமோ புகும். அல்லது வேறோர் உடலெடுத்து இவ்வுலகிற் பிறக்கும். இது சித்தாந்தத்திற்கும் வைதிக சமயங்கட்கும் பொது. அங்ஙனமாயின், பாட்டன் உயிர் பிறிதோர் ஊரிற் குழவியாய்ப் பிறந்து பாலுண்டுகொண்டிருக்க, பேரன் எள்ளும் நீரும் இறைப்பது யாரை நோக்கி? உலகாயதர் இதனையே பற்றி நகையாடினர். இங்கே ஒருவன் உண்டது இறந்தவன் பசியைத் தீர்க்குமாயின், வழிச்செல்வான் கட்டுச்சோறு சுமப்பது எற்றுக்கு? வீட்டிலிருப்பவர் அவன் பெயரைச் சொல்லி உண்டால் அவன் வயிறு நிரம்புமே என்பது அவர் கூற்று. தென்புலத்தார் என்பதற்கு இறந்தவர் என்பதொன்றே பொருளாகக் கொண்டு, அவரே நேரே வந்து உண்கின்றார் என்பார், இத்தடைக்கு விடை கூறுதல் அரிது.

இவ்வையம் உலகாயதர்க்கு மட்டும் உரியதன்று. துயரத்தால் நெஞ்சுருகிய புலவர் வாயிலும் இதுவே எழுந்தது. வேள் எவ்வி இறந்தபின், அவன் காதலி ஒரு சிற்றிடத்தை மெழுகிப் புல்லின்மேற் சிறிய பிண்டத்தை வைத்தாள். அதுகண்ட வெள்ளெருக்கிலையார், வாயில் அடையாது ஊரெல்லாம் உடனிருந்து உண்ண வாழ்ந்தவன் இத்துணைச் சிற்றுணவைத் தனித்து எவ்வாறு உண்டானோ என்று கரைந்தார். அதியமான் நெடுமானஞ்சிக்கு நடுகல் நாட்டி, மயிற்பீலி சூட்டி, சிறுகலத்திற் கள்ளை உகுத்தபோது, ஒரு நாட்டையே கொடுப்பினும் ஏலாதவன் இதனை ஏற்பானோ என்று ஔவையார் வினவினார். புறநானூற்றின் 234, 232ஆம் பாட்டுக்களில் அமைந்த இவ்விரு வினாக்களும் உலகாயதன் வினாவே போலத் தோன்றினும், அவற்றின் கருத்து வேறு. உலகாயதன் கொடுப்பதை நிறுத்துதற்கு வினவினான்; புலவர் கொடுப்பது போதாதே என்று வினவினர். அவன் வினா அறிவின் செருக்கிற் பிறந்தது. அவர் வினா அன்பின் ஆற்றாமையிற் பிறந்தது. ஆயினும் இரண்டிற்கும் விடை ஒன்றே ஆதல் வேண்டும்.

அவ்விடைக்கு வழிகாட்டுவது பரிமேலழகர் உரையே. பிதிரர் என்பார் இறந்தவரின் வேறாய ஒரு தேவகணத்தார் என அவர் பிரித்தமை ஈண்டு மிகவும் பாராட்டற்பாலது. சிராத்த விதியும் இதற்கு இயைய நிற்கின்றது. தந்தையை வசுக்களின் உருவாகவும், பாட்டனை உருத்திரர்களின் உருவாகவும், முப்பாட்டனை ஆதித்தர்களின் உருவாகவும் எண்ணி எள்ளும் நீரும் அளித்தல் வைதிக முறை. ஏற்பவர் தேவர், எவர்பொருட்டு ஏற்கின்றனரோ அவர் இறந்தவர். ஆதலின் பாட்டன் உயிர் எப்பிறவியில் இருப்பினும் கடன் வீண்போவதில்லை. தெற்கு நோக்கி அமர்தலும், பூணூலை வலத்தோளின்மேல் இடம்மாற்றி அணிதலும், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே நீரைச் சாய்த்தலும், தேவபூசையினின்று இதனைப் பிரித்துக்காட்டும் அடையாளங்கள். மக்கட்கு ஒரு மாதம் பிதிரர்க்கு ஒருநாள் என்பது மிருதிநூல் வழக்காதலின், திங்கள்தோறும் வரும் அமாவாசை அவர்க்குரியதாயிற்று. ஆண்டொன்றுக்கு அமாவாசை 12, மாதப்பிறப்பு 12, மன்வாதி 14, யுகாதி 4, வியதீபாதம் 13, வைதிருதி 13, மாளயம் 16, அட்டகை முதலியன 12 என 96 தருப்பணங்கள் எண்ணப்படுதலும், இக்கடன் ஒருநாட் சடங்கன்று, இல்லறத்தின் இடையறா ஒழுக்கம் என்பதனைப் புலப்படுத்தும்.

அற்றேல், பிதிரர் ஏற்றுக்கொண்டது இறந்த உயிரைச் சேருமாறு எங்ஙனம்? ஒருவன் செய்த வினையின் பயனை மற்றொருவன் நுகர்தல் கூடுமோ? கூடுமாயின் அவரவர் வினையை அவரவரே நுகர்வர் என்னும் நியதி என்னாம்? இதுவே இப்பொருளில் உண்மையாகத் தீர்க்கப்படவேண்டிய முடிச்சு. குறளுரையிலேயே இம்முடிச்சு இருத்தலை நோக்குக. மக்கட்பேற்றின் மூன்றாம் குறளில், தம் மக்களைத் தம்முடைய பொருள் என்று அறிந்தோர் சொல்லுவர் என்று கூறிய நாயனார், அதற்குக் காரணமாக வினையைச் சுட்டினார். பரிமேலழகர், மைந்தர் தம் பெற்றோரை நோக்கிச் செய்யும் நல்வினையினால் அம்மைந்தர் ஈட்டிய பொருள் பெற்றோரைச் சென்றடையும் எனக் கொண்டு, இது நன்மக்களைப் பெற்றார் எய்தும் மறுமைப்பயன் என்றார். வேறு உரைகாரர், மக்களது பொருள் அவரவர் தம் வினையினால் வருவது என நேர்மாறாகக் கொண்டனர். முன்னதன்படி மைந்தன் வினை தந்தைக்குச் செல்லும். பின்னதன்படி யார் வினையும் யார்க்குஞ் செல்லாது. இரண்டினுள் யாது கொள்ளத்தக்கது?

வினையே தானாகச் சென்று பயன்தரும் எனக் கொள்வார்க்கு இவ்விரண்டும் பகைப்படும். சைவ சித்தாந்திகட்குப் பகைப்படா. என்னை? வினை அறிவில்லாத சடம். அது செய்தவனைத் தானே அறிந்து தேடிச்சென்று பற்றமாட்டாது. சேக்கிழார் பெருமான் சாக்கிய நாயனார் புராணத்துள், அந்நாயனார் புத்தநெறியை ஆராய்ந்து அதனை விட்டமைக்குக் காரணங் கூறுமிடத்து, வினையும் வினைமுதலும் வினைப்பயனும் ஆகிய மூன்றோடு அப்பயனைக் கூட்டுவிப்போன் என நான்காவது பொருள் ஒன்றுண்டு என்பதும், அது சைவநெறியிலேயே விளங்குவது என்பதும் அவர் தெளிந்தமையை வைத்தார். இந்நான்காவது பொருளாகிய இறைவன் இடைநிற்றலின், மைந்தன் அன்பினாற் செய்த அறத்தை ஏற்று, தந்தையின் உயிர்க்கு அதன் வினைநிலைக்கு இயைந்த நலமாகக் கூட்டுதல் அவனுக்கு அரியதன்று. தந்தைக்கும் அது வலிந்து வந்ததன்று. நன்மகனைப் பெற்று வளர்த்து அறிவுறுத்திய தன் நல்வினையின் விளைவே. ஆகவே மைந்தன் செய்த வினையின் பயன் மைந்தனைச் சேரவே, அதன்வழி வரும் நலம் தந்தையையும் அவன்றன் வினைவழியே சேர்ந்ததாம். இரண்டு உரைகளும் இவ்விடத்து ஒன்றையொன்று தழுவி நிற்கும்.

இதனைத் தறியின்கண் வைத்துக் காணலாம். நெடுக நீட்டப்பட்ட பாவு ஓருயிரின் வினை. அதன் நீளமும் நிறமும் முன்னரே அமைந்தன. குறுக்கே ஓடும் ஊடை, சுற்றத்தாரும் மைந்தரும் அன்பினாற் செய்வன. பாவில்லாமல் ஊடை நில்லாது. ஊடையினாற் பாவு மாறிவிடவும் மாட்டாது. இரண்டையும் இணைத்துத் துணியாக்குவோன் நெசவாளன். நூல்கள் தாமே சென்று பின்னிக்கொண்டன என்பார் உளரோ? உயிர்களின் வினைகளை ஒன்றோடொன்று இயைத்து நுகர்விப்பவன் சிவபெருமான் என்க.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் சுபக்கத்துள் இதனை ஐயமற நிறுவினார். எத்தெய்வத்தை ஒருவர் வழிபடுபொருளாகக் கொள்ளினும், ஆண்டு அத்தெய்வமாய் வெளிப்பட்டுப் பயனளிப்பவன் உமையொரு பாகனே என்பதும், ஏனைத் தெய்வங்கள் பிறந்தும் இறந்தும் வினைநுகர்ந்தும் வருவனவாகலின் அவை தாமாகப் பயனளிக்க வல்லன அல்ல என்பதும், ஈண்டு நாம் ஒருவரைப் பூசித்தக்கால் அவரே வந்து மறுமையிற் பயன்தருதல் இல்லை என்பதும் அவர் காட்டிய நியாயங்கள். இவற்றைப் பிதிரர்மேல் வைத்து நோக்கின், பரிமேலழகர் உரையில் விடப்பட்டதோர் இடம் நிரம்பும். ஏற்பவர் யார் என்பதை அவர் கூறினார். கூட்டுவிப்பவன் யார் என்பதைக் கூறாது விட்டார். அவர் உரை பிழையுடையதன்று, குறையுடையது. அக்குறையைச் சித்தியார் நிரப்புகின்றது. வெள்ளெருக்கிலையார் உண்டானோ என்று வினவியதற்கும், ஔவையார் ஏற்பானோ என்று வினவியதற்கும் இதுவே விடை: எவ்வியும் உண்ணவில்லை, அஞ்சியும் ஏற்கவில்லை; ஆயினும் அக்காதலியின் அன்பை இறைவன் ஏற்றான். ஏற்றது அவனாகலின் சிற்றுணவு என்னுங் குறையும் அதற்கு இல்லையாயிற்று.

பரிமேலழகர்பாற் காணப்படும் பிறிதொரு குறையும் ஈண்டுச் சுட்டற்பாலது. தென்புலத்தார் குறளின் உரையில், அரசனுக்கு இறைப்பொருள் ஆறில் ஒரு பங்காயதன் காரணம், எஞ்சிய ஐந்து பங்கும் அவ்வைவர்க்கும் வேண்டப்படுதலே என்று அவர் நயமாகக் காட்டினார். உழுது உண்பானும் நெய்து உண்பானும் இறைப்பொருள் இறுப்பவரேயாதலின், இக்கடன் இல்வாழ்வார் எல்லார்க்கும் பொது என்பது அவ்விளக்கத்தாற் பெறப்படும். ஆனால் மக்கட்பேற்றின் முன்னுரையில், முனிவர் கடன் கேள்வியாலும், தேவர் கடன் வேள்வியாலும், தென்புலத்தார் கடன் நன்மக்களைப் பெறுதலாலும் இறுக்கப்படும் என்று கூறுங்கால், அதனை இருபிறப்பாளர் மூவர்க்கே உரியதாக்கினார். ஓரிடத்துப் பொதுவாக்கி மற்றோரிடத்துச் சிறப்பாக்குதல் ஒவ்வாது. நாயனார் இல்வாழ்வானைப் பொதுவகையாற் கூறினாரேயன்றி வருணம் சுட்டினாரல்லர். ஆதலின் ஆண்டைய முன்னுரையினும் ஈண்டைய விளக்கமே நாயனார் கருத்திற்கு நெருங்கியது எனக் கொள்க.

இனி, இவ்வாராய்ச்சியாற் பெறப்படும் பயன்களுள் தலையாயது, மைந்தரில்லாதார்க்கு உண்டாகும் ஆறுதல். புத் என்னும் நரகினின்றும் காப்பவன் புத்திரன் என்று அச்சொற்குப் பொருள்கூறி, பிள்ளைப்பேறற்றவர்க்கு நற்கதி இல்லை என்று அஞ்சுவித்தல் உலகில் மிகுதி. இறந்தவரே வந்து உண்கின்றனர் என்னுங் கொள்கை உண்மையாயின் இவ்வச்சம் நியாயமேயாம். ஊட்டுவார் இல்லாதவன் பசித்திருத்தல் வேண்டுமாதலின். கூட்டுவிப்பவன் இறைவன் என்னுங் கொள்கையில் அவ்வச்சத்திற்கு இடமில்லை. ஊட்டுவாரில்லாத உயிரையும் அவன் அறிவன். அவ்வுயிர் செய்த சிவபுண்ணியம் எள்ளளவாயினும் அதனையும் அறிவன். நாயனாரும் துணையற்று இறந்தார்க்கு நீர்க்கடன் செய்தலை இல்வாழ்வான்மேல் வைத்து, மைந்தன் ஒருவனே செய்தற்குரியான் என்னும் வரம்பைக் கடந்தார். வேள் எவ்விக்குப் பிண்டம் வைத்தவள் மனைவியே என்பதும் மறக்கற்பாலதன்று.

இவை எல்லாவற்றினும் மேலாய சான்று திருவாலங்காட்டில் உள்ளது. காரைக்காலம்மையார் மக்களைப் பெற்றவரல்லர். இறந்தவனுடைய பிரேதநிலை நீங்கிப் பிதிர்நிலை எய்துதற்கன்றோ பன்னிரண்டாம் நாள் சபிண்டீகரணம் செய்யப்படுகின்றது? அம்மையாரோ, பிறர் அஞ்சி நீக்க முயலும் பேய்வடிவையே இறைவன்பால் வேண்டிப் பெற்றார். தசைப்பொதி கழித்து எற்புடம்போடு தலையால் நடந்து கயிலையேறிய அவரை, தாயும் தந்தையும் இல்லாத பெருமான் அம்மையே என்றழைத்தான். மகப்பேறில்லாதவர் முதல்வனுக்கே தாயாயினார். பிறவாமையும், பிறப்புண்டேல் மறவாமையும், ஆடும் அடிக்கீழ் இருத்தலும் வேண்டிய அவர்க்கு ஆலங்காட்டில் இடம் அளிக்கப்பட்டது. எந்த மைந்தனும் அவர்க்கு எள்ளும் நீரும் இறைத்திலன். ஆயினும் பங்குனிச் சுவாதியில் அவர் குருபூசையைச் சைவவுலகம் ஆண்டுதோறும் செய்கின்றது. மைந்தரில்லையே என்று வருந்துவார் அம்மையார் திருவடியை நினைந்து தெளிவாராக.

அற்றேல், சிவதீக்கை பெற்று வீடெய்தினார்க்கு இக்கடன் வேண்டா போலும் எனின், சைவ பத்ததி நூலார் அதனையும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தனர். நிருவாண தீக்கையால் பாசம் அறுக்கப்பட்டவன் உடல் நீங்கியதும் சிவத்தை அடைவான் என்பது நூல் துணிபு. அவனுக்குச் சிராத்தம் எற்றுக்கு? தீக்கைக்குப்பின் சமயவொழுக்கத்தில் நேர்ந்த வழுக்களுக்குக் கழுவாயாக அந்தியேட்டி வேண்டப்படும் என்பது ஒரு விடை. உலகியல் ஒழுக்கம் சிதையாமைப்பொருட்டு ஆண்டுக்கடனும் வேண்டப்படும் என்பது மற்றொரு விடை. அன்றியும் சைவ முறையிற் செய்யும் சிராத்தத்தில் தந்தை முதலிய மூவரும் ஈசர், சதாசிவர், சாந்தர் என்னும் சிவமூர்த்தங்களோடு ஒப்பவைத்து வழிபடப்பெறுவர். வசு, உருத்திர, ஆதித்தர் நின்ற இடத்திற் சிவமூர்த்தங்களே நிற்றலின், நீத்தார் கடன் சிவபூசையின் ஓர் உறுப்பாயிற்று. வீடெய்திய ஆசாரியர்க்கும் நாயன்மார்க்கும் திதி நோக்காது நாண்மீன் நோக்கிக் குருபூசை செய்தலும் இவ்வேறுபாட்டை உணர்த்தும். திருவாவடுதுறை ஆதீனக் குருமுதல்வர் நமசிவாயமூர்த்திகட்குத் தை மாதத்து அசுவதியிற் குருபூசை நிகழ்தல் யாவரும் அறிந்தது. திதி, உயிர் நற்கதி பெறுதற்கு இறைஞ்சுவது. குருபூசை, கதி பெற்றாரை இறைஞ்சுவது.

நீத்தாரைச் சிவத்தோடு இயைத்துக் காணும் இந்நெறி ஏட்டளவில் நின்றதன்று. தொண்டைநாட்டின் வடபுறத்தே கற்றளியாகவும் நின்றது. திருத்தணிகைக்கு வடக்கே, திருக்காளத்தியை அடுத்த தொண்டைமானாட்டில், முதலாம் ஆதித்த சோழன் இறந்தபின் அவன் மைந்தன் முதலாம் பராந்தகன் அவனுக்குப் பள்ளிப்படைத் திருக்கோயில் எடுத்தான். தணிகைக்கு மேற்கே பொன்னையாற்றங்கரையிலுள்ள மேற்பாடியில், ஆற்றூரில் துஞ்சிய தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு முதலாம் இராசராசன் அரிஞ்சிகை ஈச்சரம் என்னும் பள்ளிப்படையை எடுத்தான். இவ்விரு கோயில்களிலும் கருவறையில் எழுந்தருளியிருப்பது சிவலிங்கம். இறந்த மன்னனின் உருவம் அன்று. மன்னன் பெயர் ஈச்சரத்திற்கு அடையாயிற்று. வழிபாடு ஈச்சரனுக்கே ஆயிற்று. தந்தைக்கும் பாட்டனுக்கும் கடன் செலுத்துவோன் சிவனையே நாடவேண்டும் என்னும் சித்தியார்ப் பொருளை, அந்நூல் தோன்றுதற்கு முன்னரே, சோழர் கல்லில் அமைத்துவைத்தனர் எனலாம்.

அந்நிலப்பகுதியின்கண் இன்று வாழும் எளிய மக்களின் வழக்கையும் இவ்வொளியில் நோக்குதல் தகும். திருத்தணிகையை அடுத்து ஆந்திர எல்லையோரமாய் உள்ள அம்மையார்குப்பம் நெசவாளர் வாழும் ஊர். தணிகை வட்டாரம் 1960ஆம் ஆண்டு ஏப்பிரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப்பட்டது. ஆயினும் தமிழும் தெலுங்கும் ஒருங்கு வழங்குதல் அவ்வெல்லையூர்களின் இயல்பு. தமிழர் மாளய அமாவாசை என்பதைத் தெலுங்கர் பெத்தல அமாவாசை, அஃதாவது பெரியோர் அமாவாசை, என்பர். அமாவாசையன்று தறியோட்டாமை கைத்தறியாளர் பலரிடை நெடுநாளாக உள்ள வழக்கு. பண்டிகைகளில் நீத்தாரை நினைந்து புத்தாடை வைத்துப் படைத்தலும் இருமொழியாளரிடையும் உண்டு. மந்திரம் அறியாது, புரோகிதரை வருவிக்கப் பொருளும் இல்லாது, இலையிற் சோறும் அருகில் ஒரு புதுத்துணியும் வைத்துக் கண்ணீரோடு வணங்கும் ஒரு நெசவாளன் செய்கை பயனற்றதோ என வினவுவார்க்கு, மேற்காட்டிய நியாயமே விடை. ஏற்பவன் அன்பை அறிபவனாகலின் அது பயனற்றதன்று. ஆயினும் விதியை அறிந்தவனும் பொருளுடையவனும் சோம்பி விதியைக் கைவிடுவானாயின் அவனுக்கு அவ்விடை பொருந்தாது. இயலாமை வேறு, இகழ்ச்சி வேறு.

இவ்வேறுபாட்டை விளக்குவதாகத் திருவிசநல்லூர் சிரீதர ஐயாவாள் வரலாற்றில் ஒரு செய்தி வழங்கும். சிவபத்தியிற் சிறந்த அப்பெரியார் தந்தையின் சிராத்த நாளில், பிதிரர்க்கென ஆக்கிய உணவைப் பசியால் வாடி வந்த தாழ்குலத்தான் ஒருவனுக்கு ஈந்தார். சினந்த அந்தணர் உண்ண மறுத்துக் கங்கையாடி வரப் பணித்தனர். அவர் வேண்டக் கங்கை அவர் வீட்டுக் கிணற்றிற் பொங்கியது என்பர். கார்த்திகை அமாவாசைதோறும் இன்றும் அவ்வூரில் அன்பர் அக்கிணற்று நீரில் ஆடுகின்றனர். பசித்தவன் வயிற்றிற் பெய்த உணவு பிதிரர்க்குச் சேராதென்று தடுத்தவர் சாத்திரம் அறிந்தவர். சேரும் என்று கொடுத்தவர் சாத்திரத்தின் உயிரை அறிந்தவர். தென்புலத்தாரையும் விருந்தையும் நாயனார் ஒரே குறளில் வைத்ததன் நயமும் இதனால் விளங்கும்.

ஆகவே, நீத்தார்க்கடனை மூடவழக்கென்று இகழ்வாரும், அதனை ஆரவாரமாக்கிப் பொருளிறைப்பாரும் ஒருங்கே அதன் பொருளை அறியாதவரே. முன்னவர் வினைப்பயனைக் கூட்டும் முதல்வனை மறந்தனர். பின்னவர் அவனுக்கு வேண்டுவது அன்பே என்பதை மறந்தனர். இருக்கும் நாளில் தாய்தந்தையர்க்கு ஒருபிடி சோறு இன்முகத்தோடு இடாது, இறந்தபின் ஊரழைத்து ஊட்டுவான் செய்யும் சிராத்தத்தில் ஏற்பவரும் உளர், உண்பவரும் உளர்; கூட்டுவிப்பவன் அறியாதது ஒன்றுமில்லை என்பதனை மட்டும் அவன் அறிந்திலன்.

இவ்வாற்றால், தென்புலத்தார் என்பார் நீத்தார்பொருட்டு நாம் அளிப்பதை ஏற்கும் தேவகணத்தார் என்பதும், அவர்க்குச் செய்யுங் கடன் இல்வாழ்வார் யாவர்க்கும் பொது என்பதும், அக்கடனின் பயனை உரிய உயிர்க்கு உரியவாறு கூட்டுபவன் சிவபெருமான் ஒருவனே என்பதும் பெறப்பட்டன. அமாவாசைதோறும் எள்ளும் நீரும் ஏந்துவோர், ஏந்துமுன் ஐந்தெழுத்தை ஓதித் திருநீறு அணிந்து, தம் தந்தைக்கும் பாட்டனுக்கும் மட்டுமின்றி, நினைப்பார் ஒருவரும் இன்றி இறந்துபட்டார்க்கும் ஒருகை நீரை விடுவாராக. நாயனார் இறந்தார்க்கும் தென்புலத்தார்க்கும் அடுத்தடுத்து இரு குறள் வகுத்தமையின் கருத்து அப்போது நிறைவெய்தும்.